வாசகர் கேள்வி, பேராசிரியர் பதில்: பொறியியல் வகுப்பில் எல்லோருக்கும் இடம்

பொறியியல் கல்லூரிகளுக்குள் இன்று பல பின்னணிகளிலிருந்து மாணவர்கள் வருகிறார்கள். அவர்கள் அனைவரும் அங்கே சமமாகக் கற்க என்ன செய்யலாம் என்று வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற பொறியியல் பேராசிரியர் ஒருவர் இந்த இதழில் பதிலளிக்கிறார். கேட்டவர்களின் வேண்டுகோளை ஏற்று அவர்களுடைய பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் முதலாமாண்டுப் பொறுப்பாசிரியையாக இருக்கிறேன். 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வந்த பிறகு அரசுப் பள்ளி மாணவர்கள் எங்கள் வகுப்புகளுக்கு நிறைய வருகிறார்கள். ஆண்டுதோறும் இரண்டு வாரம் பிரிட்ஜ் கோர்ஸ் நடத்துகிறோம். ஆனாலும் முதல் செமஸ்டரிலேயே கணிதத்திலும் பைத்தான் நிரல்மொழியிலும் அரியர் வைத்துவிடுகிறார்கள். தரம் குறைந்துவிட்டது என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?
உதவிப் பேராசிரியை, நாமக்கல் மாவட்டம்

பதில்: தரம் என்று உங்கள் சக ஆசிரியர்கள் சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன். பொறியியல் கல்லூரியின் வாசல் தமிழ்நாட்டில் தானாகத் திறந்துவிடவில்லை. 1951-இல், சாதி, மத வாரியாக இடங்களைப் பகிர்ந்தளித்த வகுப்புவாரி அரசாணையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்த வழக்கில், மனுதாரர் இருவரில் ஒருவர் பொறியியல் கல்லூரி இடம் கேட்டுத்தான் நீதிமன்றம் சென்றிருந்தார். அந்தத் தீர்ப்புக்கு எதிராக இங்கே எழுந்த கொந்தளிப்பு, அதே ஆண்டில் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கும், பின்தங்கியோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம்தரும் 15(4) பிரிவுக்கும் வழிவகுத்தது. பின்னர் 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டுக்கு 1994-இல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத் தேர்வு நீங்கியது. 2010-இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகையும், 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டுச் சட்டமும் வந்தன. உள்ளே நுழைவதற்கு இத்தனை தலைமுறைகள் போராடிய சமூகம், நுழைந்த பிள்ளை முதல் ஆண்டைக் கடப்பதற்கான ஏற்பாட்டை ஒவ்வொரு கல்லூரியின் விருப்பத்துக்கும் விட்டுவிட்டது. நீங்கள் பார்க்கும் அரியர்களில் பெரும்பங்கு அந்த இடைவெளியிலிருந்து வருகிறது என்பதே என் உறுதியான கருத்து.

அமெரிக்காவின் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1970-களில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் இதே போன்றதொரு நிலைமையை எதிர்கொண்டார். நுண்கணித வகுப்பில் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஆர்வமில்லை, வீட்டில் படிப்புச் சூழல் இல்லை, பள்ளி அடித்தளம் போதவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லப்பட்டது. டிரைஸ்மன் அந்தக் காரணங்களை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை அருகிலிருந்து கவனித்தார். நன்றாகத் தேறிய சீன அமெரிக்க மாணவர்கள் கூட்டாக உட்கார்ந்து கணக்குப் போட்டு, ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்து, எங்கே பிழை என்று வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். கறுப்பின மாணவர்களோ, பள்ளியில் தனியாகப் படித்தே முன்னேறியவர்கள் என்பதால், இங்கும் தனித்தனியாக மணிக்கணக்கில் உழைத்தார்கள். தடுக்கி நின்ற இடத்தில் கேட்பதற்கு அவர்களுக்கு ஆள் இல்லை. எனவே அவர் பின்தங்கியோருக்கான சிறப்பு வகுப்பு என்று எதையும் தொடங்கவில்லை. பாடத்தில் உள்ளவற்றைவிடக் கடினமான கணக்குகளைத் தந்து, சிறு குழுக்களாக அமர்ந்து தீர்க்கும் பயிலரங்குகளை நடத்தினார். அவற்றில் பங்கேற்ற கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி கண்கூடாக உயர்ந்தது.

இதை உங்கள் பிரிட்ஜ் கோர்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிளஸ் டூவில் படித்ததையே வேகமாகத் திருப்பிச் சொல்லும் அந்த இரண்டு வாரங்கள், ‘உனக்கு அடிப்படை தெரியாது’ என்ற செய்தியைத்தான் முதலில் தருகின்றன. செமஸ்டர் உண்மையில் கடினமாகும் ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் கைகொடுக்க யாரும் இருப்பதில்லை. அந்த மணி நேரங்களைப் பதினைந்து வாரங்களுக்கும் பிரித்துக்கொடுங்கள். வாரம் இரண்டு பாடவேளை, ஐந்து பேர் கொண்ட குழுக்கள், விரிவுரை கிடையாது, பல்கலைக்கழகத் தேர்வைவிடச் சற்றே கடினமான கணக்குகள். எல்லாப் பின்னணி மாணவர்களும் எல்லாக் குழுக்களிலும் கலந்திருக்க வேண்டும். முக்கியமாக, இது கால அட்டவணைக்குள்ளேயே இருக்க வேண்டும். மாலை நான்கரை மணிக்குக் கல்லூரிப் பேருந்து கிளம்பிவிடும் என்றால், நாலே முக்காலுக்கு வைக்கப்படும் சிறப்பு வகுப்பு யாருக்காக வைக்கப்பட்டதோ அவர்களால்தான் அதற்கு வர முடியாது. அதை வைத்துக்கொண்டு அவர்களுக்கு அக்கறை இல்லை என்று குறிப்பெழுதும் துறைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பைத்தான் வகுப்பின் சிக்கல் வேறு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி முதல் செமஸ்டரிலேயே பைத்தான் வருகிறது. கணினி அறிவியல் குரூப் எடுத்த மாணவர் பதினொன்றில் சி பிளஸ் பிளஸ்ஸையும் பன்னிரண்டில் பைத்தானையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். உயிரியல் குரூப் எடுத்தவர் நிரலின் ஒரு வரியைக்கூட எழுதியிராமல் வந்து அவருக்குப் பக்கத்தில் உட்காருகிறார். ஆசிரியர் ‘புரிந்ததா?’ என்கிறார், முதல் வரிசையிலிருந்து நாலைந்து பேர் தலையாட்டுகிறார்கள், வகுப்பு நகர்ந்துவிடுகிறது. தலையாட்டாதவர் தமக்கு மூளை போதாது என்று முடிவுகட்டுகிறார். உண்மையில் அவருக்குப் போதாதது முன்பழக்கம் மட்டுமே.

கலிஃபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரியில் இதைத்தான் முதலில் திருத்தினார்கள். அங்கே கணினி அறிவியலை முதன்மைப் பாடமாக எடுப்பவர்களில் பெண்கள் பத்து விழுக்காடு அளவில்தான் இருந்தார்கள். அறிமுகப் பாடத்தை முன்பழக்கம் உள்ளோர், இல்லாதோர் என்று இரு பிரிவாக்கி, ஜாவாவிலிருந்து பைத்தானுக்கு மாறி, இலக்கணப் பயிற்சியாக இருந்ததைப் பல துறைப் புதிர்களைத் தீர்க்கும் பாடமாக மாற்றியமைத்தார்கள். வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் தாமே பதில் சொல்லிக்கொண்டிருந்த மாணவர்களை ஆசிரியர்கள் தனியே அழைத்து, ‘உங்களோடு பேச எனக்கு விருப்பம்தான், வகுப்புக்கு வெளியே பேசுவோம்’ என்ற முறையில் இதமாகச் சொன்னார்கள். சில ஆண்டுகளுக்குள் பெண்களின் பங்கு நாற்பது விழுக்காட்டை எட்டியது. பாடத்தின் கடினம் குறைக்கப்படவில்லை. உங்கள் கல்லூரியில் இதற்குத் தனிச் செலவே இல்லை; இரண்டு செக்‌ஷன்களை அகர வரிசையில் பிரிப்பதற்குப் பதிலாகப் பிளஸ் டூ குரூப்பைப் பார்த்து இந்த ஒரு பாடத்துக்கு மட்டும் பிரித்தால் போதும். கூடவே, மடிக்கணினி இல்லாதவர்களுக்காக மதிய இடைவேளையில் கணினி ஆய்வகம் திறந்திருக்கட்டும். கைபேசித் திரையில் நிரல் எழுதிப் பழகுபவரிடம் தரத்தைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

கேள்வி: முதல் நாளே சீனியர்கள் ‘கட்-ஆஃப் எவ்வளவு, எந்தக் கோட்டா?’ என்று கேட்டார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆனால், வகுப்பு நடக்கும்போது அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, ‘எஸ்.சி., எஸ்.டி. ஸ்காலர்ஷிப் இருக்கிறவங்க எல்லாம் எழுந்திருங்க’ என்றார். எழுந்து நின்ற அன்றிலிருந்து என்னோடு பேசும் சிலரின் முகமே மாறிவிட்டது. இதை யாரிடம் சொல்வது?
இரண்டாம் ஆண்டு மாணவர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: உங்களுக்கு நடந்தது தவறு. நிர்வாகத்தின் வழக்கமான வேலை என்று அதை யாரும் மழுப்ப இடம்தர வேண்டாம். உதவித்தொகை விவரம் உங்களுக்கும் அலுவலகத்துக்கும் இடையிலானது. அதைக் குறுஞ்செய்தியிலோ மாணவரின் தனிப்பட்ட மின்னஞ்சலிலோ ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். பெயரோடு சாதிப் பிரிவையும் சேர்த்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும் இதே தவறுதான்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012-ஆம் ஆண்டுச் சமத்துவ விதிமுறைகள் உயர்கல்வி நிறுவனங்களில் சாதி, மதம், மொழி, பாலினம், மாற்றுத்திறன் ஆகியவற்றின் பெயரால் நடக்கும் பாகுபாட்டைத் தடுக்கவென்றே வந்தவை; உதவித்தொகை பெறுபவர் என்று ஒரு மாணவரைப் பிறர் முன்னிலையில் அடையாளப்படுத்துவதெல்லாம் அந்த நோக்கத்துக்கு நேர் எதிரானது. நடந்ததைத் தேதி, நேரம், பாடவேளையோடு ஒரு பக்கத்தில் எழுதி, எழுந்து நிற்க நேர்ந்த மற்றவர்களும் சம்மதித்தால் அவர்களுடைய கையொப்பத்தையும் பெற்று, முதல்வருக்குக் கொடுங்கள். அலுவலக ஊழியரைத் தண்டிக்கக் கேட்க வேண்டாம். அறிவிப்பு முறையை மாற்றும்படி கேளுங்கள். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்-ஆஃப் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. மிரட்டிக் கேட்டால் அது ராகிங். ராகிங்குக்கு எதிரான தனிச் சட்டம் தமிழ்நாட்டில் 1997 முதல் இருக்கிறது.

கேள்வி: மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அறுபது பேரில் நாங்கள் நான்கு பெண்கள். ஒவ்வொரு ஆய்வகக் குழுவுக்கும் ஒரு பெண் என்று போட்டிருக்கிறார்கள். லேத்தை (கடைசல் இயந்திரத்தை) ஆண்கள் இயக்க, அளவுகளைக் குறித்து ரெக்கார்டு எழுதும் வேலை எனக்கு வருகிறது. புராஜெக்ட் வேலை இரவில் நடக்கும்போது பெண்கள் விடுதி ஆறரைக்கே மூடிவிடுகிறது. வேலைவாய்ப்புக்கு வரும் சில நிறுவனங்கள் ஆண்கள் மட்டும் என்கின்றன. நான் துறையைத் தேர்ந்ததே தவறோ?
மாணவி, திருச்சி

பதில்: துறையை நீங்கள் சரியாகத்தான் தேர்ந்திருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன மூன்றும் கல்லூரி தன் முடிவால் மாற்றக்கூடியவை.

கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1940-களில் நடந்த ஒன்றை உங்கள் துறைத்தலைவருக்கு நினைவூட்டலாம். கைக்குழந்தையோடு இளம் வயதிலேயே கணவரை இழந்த அ. லலிதா, அங்கே மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அவருடைய தந்தை அந்தக் கல்லூரியிலேயே பேராசிரியராக இருந்தார். நூற்றுக்கணக்கான ஆண்களுக்கிடையே ஒரே பெண்; உடன் படித்தவர்கள் நன்றாகவே நடந்துகொண்டாலும் விடுதியில் அவர் தனிமைப்பட்டார். தந்தையின் முயற்சியால், பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று கல்லூரி விளம்பரம் செய்ய, பி.கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் கட்டடப் பொறியியலில் சேர்ந்தார்கள். லலிதா பின்னாளில் கல்கத்தாவில் மின் தொடரமைப்புகளை வடிவமைக்கும் பணியில் இருந்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்திலும் அவருடைய உழைப்பு உண்டு. திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளரானார். தனியாக ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டால் போதாது, துணைக்கு ஆட்கள் வேண்டும் என்பது எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கல்லூரிக்குப் புரிந்திருக்கிறது.

குழுவுக்கு ஒரு பெண் என்ற ஏற்பாடு பார்வைக்குச் சமமாகத் தெரியும். விளைவில் அது நான்கு பேரையும் நான்கு மூலைகளில் தனியாக்கிவிடுகிறது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் நிலாஞ்சனா தாஸ்குப்தா குழுவினர் பொறியியல் மாணவியரிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. நால்வர் குழுவில் ஒரே பெண்ணாக இருந்தவர்களைவிட, பெண்கள் பெரும்பான்மையாக இருந்த குழுக்களில் அமர்ந்த மாணவியர் அதிகமாகப் பேசினார்கள், அதிகமாகப் பங்கெடுத்தார்கள். ஆகவே நீங்கள் நால்வரும் சேர்ந்து, குறைந்தது இருவர் இருவராகவாவது இரண்டு குழுக்களில் போடும்படி எழுதிக் கேளுங்கள். அதோடு, சோதனைதோறும் வேலைகள் சுழல வேண்டும் என்று ஆய்வகக் கையேட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். இந்த வாரம் லேத்தில் நிற்பவர் அடுத்த வாரம் ரெக்கார்டு எழுதட்டும். யார் எதை இயக்கினார் என்ற பத்தி அப்சர்வேஷன் நோட்டில் இருந்து, விவா எனும் வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றியே கேள்வியும் வந்தால் ஒரே மாதத்தில் பழக்கம் மாறிவிடும். மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கே கை தானாகப் போகும்.

விடுதி நேரத்துக்கு வருவோம். பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள், பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆண்கள் விடுதிக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பெண்கள் விடுதிக்கு மட்டும் விதிக்கக் கூடாது என்று சொல்கின்றன. பெற்றோரின் கவலை உண்மையானது. அதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். அந்தக் கவலைக்கான பதில் வெளிச்சமுள்ள பாதை, காவலர், ஆய்வகத்திலிருந்து விடுதி வரை ஒன்பது மணிக்கு ஒரு வாகனம். இவற்றைச் செய்து தராமல் கதவை மட்டும் பூட்டுகிற கல்லூரி, மாணவி கட்டிய அதே கட்டணத்துக்குப் பாதி ஆய்வகத்தைத்தான் அவருக்குத் தருகிறது.

ஆண்கள் மட்டும் என்று வரும் நிறுவனத்திடம் வேலைவாய்ப்புப் பிரிவுதான் பேச வேண்டும். பெண்கள் இரவு ஷிப்டில் வேலை செய்யக் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே சட்டம் தடுக்கிறது என்ற சாக்கு எடுபடாது. ‘எங்கள் மாணவிகளும் தேர்வு எழுதுவார்கள், தகுதி பார்த்து முடிவு செய்யுங்கள்’ என்று சொல்லும் துணிவு கல்லூரிக்கு வேண்டும்.

கேள்வி: என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். பொறியியலைத் தமிழ் வழியில் எடுப்பதா, ஆங்கில வழியில் எடுப்பதா என்று குழம்புகிறோம்.
ஒரு தந்தை, சிவகங்கை மாவட்டம்

பதில்: அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ் வழியில் தொடங்கியது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. பள்ளி முதற்கொண்டு தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பின்னர் 2020-இல் சேர்ந்தது. மகன் அரசுப் பணியைக் குறிவைத்தால், விருப்பப்பட்ட பிரிவு தமிழ் வழியில் கிடைத்தால், தயங்காமல் எடுக்கலாம். கணினி, மின்னணு போன்ற பிரிவுகளில்தான் ஆர்வம் என்றால் ஆங்கில வழிதான் அநேகமாக அமையும், பயப்பட வேண்டாம். ஆங்கில வழி வகுப்பில் தமிழில் கேள்வி கேட்பது குற்றமாகாது என்பதை மட்டும் அவர் மனத்தில் பதிய வையுங்கள். முதல் இரண்டு செமஸ்டர்களில் கலைச்சொற்களைத் தமிழ் விளக்கத்தோடு ஒரு நோட்டில் எழுதிவந்தால், மூன்றாம் செமஸ்டரில் பாடநூல் வசப்படத் தொடங்கும்.

ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான்: உள்தேர்வு விவாவைத் தமிழில் சொல்ல அனுமதியுங்கள். வெட்டுவிசை எங்கே அதிகமாக இருக்கும் என்று தமிழில் சரியாகச் சொல்லும் மாணவருக்குப் பொறியியல் தெரியும். ஆங்கிலத்தை அதற்கென உள்ள பாடவேளையில் கற்றுக்கொள்ளட்டும்.

கேள்வி: எனக்குக் கேட்கும் திறன் மிகக் குறைவு; உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். ஆசிரியர்கள் கரும்பலகையைப் பார்த்தபடியே பேசுகிறார்கள். சலுகை கேட்டால் சங்கடமாக இருக்கிறது.
முதலாமாண்டு மாணவி, கோவை

பதில்: நீங்கள் கேட்பது சலுகை ஆகாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடத்தை ஒதுக்கியிருக்கிறது. படிக்கும் இடத்தில் தேவையான வசதிகளைச் செய்து தருவதையும் கல்வி நிறுவனங்களின் கடமையாக்கியிருக்கிறது. செமஸ்டர் தொடக்கத்திலேயே ஒரு கடிதத்தில் உங்கள் தேவைகளைத் தெளிவாக எழுதி எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் கொடுங்கள். முதல் வரிசையில் இடம். எழுதி முடித்துத் திரும்பிய பிறகு பேசுதல். முந்தைய நாளே பாடக்குறிப்பு. விவாவில் எழுத்தில் கேள்வி. தேர்வில் விதிப்படி கூடுதல் நேரம். ஆய்வகத்தில் எச்சரிக்கை மணியோடு விளக்கும் எரிய வேண்டும் என்பதைக் கட்டாயம் சேருங்கள். இது உயிர் தொடர்பானது. பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் கைபேசிச் செயலிகளும் உதவும். வகுப்பில் கைபேசிக்குத் தடை என்றால் எழுத்து மூலம் விலக்குப் பெறுங்கள். ஆசிரியர் மாணவர்களைப் பார்த்துப் பேசத் தொடங்கினால் கடைசி வரிசைக்கும் பாடம் கேட்கும்.

கேள்வி: எங்கள் துறையில் பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பல்வேறு சமூக மாணவர்கள் என்று எல்லாக் கணக்கும் சரியாகத்தான் இருக்கிறது. அனைவரையும் உள்ளடக்கிய துறைதான் என்பதை வேறு எப்படி அளப்பது?
துறைத்தலைவர், மதுரை

பதில்: தேசியத் தரவரிசைக் கட்டமைப்பான என்.ஐ.ஆர்.எஃப். இதற்குப் பத்து விழுக்காடு எடை தருகிறது. வெளிமாநில மாணவர், பெண்கள், பொருளாதார, சமூக நிலையில் பின்தங்கியோர், மாற்றுத்திறனாளி வசதிகள் என்று தலைகளையும் கட்டடங்களையும் அது எண்ணுகிறது. அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் அது சேர்க்கை நாளன்று எடுத்த கணக்கு.

நீங்கள் இன்னொன்றை எடுங்கள். முதல் செமஸ்டர் முடிவு வந்ததும், எந்த வழியில் சேர்ந்தவர்கள், எந்தப் பயிற்றுமொழியில் வந்தவர்கள், எந்தப் பாடத்தில் அரியர் வைத்தார்கள் என்று தனித்தனியாகப் பாருங்கள். ஒரே பாடத்தில் ஒரே வகை மாணவர்கள் கூட்டமாகத் தோற்றிருந்தால், அந்தப் பாடம் நடத்தப்படும் முறையைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். இறுதியாண்டுப் புராஜெக்டுகளுக்குத் தலைமை தாங்குவது யார், மன்றங்களின் செயலாளர்கள் யார், உள்ளகப் பயிற்சிக்கு ஆசிரியர் பரிந்துரைத்தது யாரை என்பதையும் எழுதுங்கள். இந்தத் தாள் துறைக்குள் மட்டும் இருக்கட்டும், பெயர்கள் வேண்டாம்.

படிப்பைப் பாதியில் விட்டு டி.சி. வாங்க வருபவர்களையும் கவனியுங்கள். விண்ணப்பத்தில் எல்லோரும் ‘குடும்பச் சூழல்’ என்றே எழுதுவார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உட்காரச் சொல்லி, எந்த வாரத்தில் இந்த எண்ணம் முதலில் வந்தது என்று கேளுங்கள். உதவித்தொகை வராததால் விடுதிக் கட்டணம் கட்ட முடியாமல் போனது, முதல் உள்தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணை வகுப்பில் உரக்கப் படித்தது என்று தீர்க்கக்கூடிய காரணங்கள் பல வெளியே வரும். அவற்றில் சில அன்றைக்கே தீரக்கூடியவை. அப்படியானால் அந்த விண்ணப்பத்தை ஒரு வாரம் மேசையிலேயே வைத்திருங்கள், அதற்குள் அலுவலகத்திடமும் வீட்டாரிடமும் நீங்களே பேசுங்கள்.